பால் எர்லிக்

நம் உடலில் ஓடும் குருதியில் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் உள்ளன. வெள்ளையணுக்கள் நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவலர்கள். அக்காவலர்களே அளவின்றிப் பெருகினால் உடல் நலியும். இந்நோயை 1845 ஆம் ஆண்டில் விளக்கிய விர்க்கோ என்னும் ஜெர்மானிய மருத்துவர், 1847 இல் அதற்கு லுக்கீமியா எனப் பெயரிட்டார். ஆயினும், பெருகுவன எவ்வகை அணுக்கள் என்று தெளிவாகப் பிரித்தறிதல் அரிதாயிருந்தது. அதற்கு வழி கண்டவர் பால் எர்லிக்.

எர்லிக் 1854 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14 ஆம் நாள் ஸ்ட்ரேலன் என்னும் ஊரில் பிறந்தார். அன்று பிரஷியாவைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. உறவினரான கார்ல் வைகர்ட் திசுக்களுக்குச் சாயமேற்றி ஆராய்ந்து வந்தார். அதனால் எர்லிக்கின் உள்ளமும் இளமையிலேயே சாயங்களின்பால் சென்றது.

1878 இல் மருத்துவப் பட்டம் பெற்றபின், பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையில் அவர் பணியேற்றார். அங்கே ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, உலர்த்திச் சூடேற்றிச் சாயத்தில் தோய்த்தார். அமிலச் சாயமாகிய இயோசின் சில வெள்ளையணுக்களின் உள்ளிருந்த நுண்மணிகளைச் சிவப்பாக்கிற்று. காரச் சாயம் வேறு சிலவற்றின் மணிகளுக்கு நிறமூட்டிற்று. இரண்டும் கலந்த நடுநிலைச் சாயம் மற்றொரு வகையைக் காட்டிற்று.

இதனால் விளைந்த பயன் பெரிது. நாட்பட்ட வெள்ளையணு நோய்கள் மெல்ல வளர்வன. சோர்வும் மண்ணீரல் வீக்கமும் அவற்றுள் பலவற்றுக்குப் பொது. நோய் இன்னதென்று அறியாத மருத்துவர் கண்ணைக் கட்டிக் காட்டில் விடப்பட்டவர் போலாவார். எர்லிக்கின் முறையால் எவ்வகை அணு மிகுந்துள்ளது என்று எண்ணிக் கண்டு, நோயின் வகையைத் தெளிய முடிந்தது.

இடையில் எர்லிக்கையே காசநோய் பற்றியது. 1888 இல் எகிப்துக்குச் சென்று உடல் தேறி மீண்டார். சாயம் குறித்த அணுவை மட்டும் பற்றுவது போல், கிருமியை மட்டும் தாக்கும் மருந்து இருத்தல் கூடும் என எண்ணி உழைத்தார். அதன் பயனாக 1910 இல் மேகநோய்க்குச் சால்வர்சான் என்னும் மருந்து வந்தது. நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908 இல் மெச்னிக்காவுடன் நோபெல் பரிசு பெற்றார். 1915 ஆகஸ்டு 20 இல் மறைந்தார்.

லுக்கீமியாவுக்கு அவர் காலத்தில் நன்மருந்து இல்லை. 2001 இல் நாட்பட்ட லுக்கீமியா வகை ஒன்றுக்கு இமாட்டினிப் என்னும் மருந்து வந்தது. அது எல்லா வகைக்கும் பயன்படுவதன்று. ஆதலின், வகையறிதல் இன்றும் உயிர்காக்கும் செயலாகும். ஆய்வுக்கூடங்களில் குருதித் துளிக்குச் சாயமேற்றும்போதெல்லாம் எர்லிக் காட்டிய நெறி பின்பற்றப்படுகிறது.