தட்டச்சுத் தந்தை முத்தையா

பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறியின் ஒலி கேளாத ஊர் அரிது. நூலைத் துணியாக்கும் அவ்விசைகளின் ஒலியோடு, எழுத்தைத் தாளிற் பதிக்கும் வேறொரு விசையின் ஒலியும் பல்லடம் போன்ற வட்டத் தலைநகர்களில் நெடுங்காலம் கேட்டது. பட்டா மாற்றம் வேண்டுவோரும், கிணற்றுக்கு மின்னிணைப்பு வேண்டுவோரும் தட்டச்சரின் அருகில் நின்று தம் குறையைச் சொல்லுவர். அவர்தம் விரல்கள் அதனைத் தமிழ் விண்ணப்பமாக்கிவிடும். எழுதப் படிக்க அறியாத உழவரும் தம் சொற்கள் அச்செழுத்தாக உருப்பெறுவதைக் கண்ணாற் கண்டனர். இக்காட்சிக்கு வித்திட்டவர், யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் உழைத்த தமிழர் ஒருவர். இராமலிங்கம் முத்தையா என்பது அவர் பெயர்.

முத்தையா 1886ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுண்டிக்குழியிற் பிறந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் பொருள் தேடி மலாயா நாட்டிற்குக் கப்பலேறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்தையாவும் அவ்வழியே சென்றார். சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராய் அமர்ந்தார். கணக்குப் பதிவும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுத் தேர்ந்தார். நாள்தோறும் ஆங்கிலக் கடிதங்கள் அவர் விரல்களின்கீழ் விரைந்து உருப்பெற்றன. ஆனால் தமிழில் ஒரு கடிதம் எழுதவேண்டின், மைக்கூட்டையும் பேனாவையும் நாடுவதன்றி வேறு வழியில்லை. ஆங்கிலத்திற்குக் கிடைத்த ஏற்றம் தமிழுக்கு ஏன் கிடைக்கவில்லை என்னும் ஏக்கம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஏக்கங் கொண்டோர் பலர் இருந்திருக்கலாம். அதற்கு வழி கண்டவர் முத்தையாவே.

அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு எத்தகையது என்பதை அறியவேண்டுமானால், தட்டச்சுப் பொறியின் அமைப்பை ஒருவாறு அறிதல் வேண்டும். 1874ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறியின் வழிவந்தவையே பிற்காலத்துப் பொறிகள். விசையொன்றை அழுத்தினால் அதனோடு பிணைந்த எழுத்துக்கோல் எழுந்து மை நாடாவின்மேல் அடிக்கும். எழுத்துத் தாளிற் பதியும். உடனே தாளைத் தாங்கிய உருளை ஓரெழுத்தளவு இடப்பக்கம் நகர்ந்து அடுத்த எழுத்துக்கு இடந்தரும். ஒவ்வொரு கோலிலும் இரண்டு எழுத்துகள் இருக்கும். ஆகவே 46 விசைகளில் 92 உருவங்களுக்கு மேல் அமைக்க இயலாது. 26 எழுத்துகளையுடைய ஆங்கிலத்திற்கு அது போதும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளையுடைய தமிழை அச்சிறு பலகையில் எங்ஙனம் அடக்குவது? எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் வேறு இடம் வேண்டுமன்றோ?

எழுத்துக்கொரு விசை வைத்துப் பெரும்பொறியொன்றைப் புதிதாய்ச் செய்யலாம் என்று ஒருவர் எண்ணக்கூடும். அத்தகைய பொறியின் விலை எளிய அலுவலகத்தாருக்கு எட்டாது. பத்து விரல்களும் அதன்மேல் வழிதெரியாது அலையும். முத்தையா அவ்வழியை நாடவில்லை. வழக்கிலுள்ள பொறியையே கொண்டு, தமிழெழுத்தின் உறுப்புகளைப் பிரித்து நோக்கினார். துணைக்காலும் கொம்பும் தனித்து நிற்பன; அவற்றிற்கு ஒவ்வொரு விசை போதும். மெய்யெழுத்தின் புள்ளியும் இகர ஈகாரக் குறிகளுமே இடையூறு செய்தன. அவை எழுத்தின் பக்கத்தில் அன்றி, எழுத்தின் மேலேயே அமரவேண்டியவை.

இதற்கு அவர் கையாண்டது நகரா விசை. இவ்விசையை அழுத்தினால் குறி பதியும். ஆனால் உருளை நகராது. அடுத்து எழுத்தை அடிக்கும்போது அது குறியோடு ஒன்றாகச் சேர்ந்து பதிய, அதன் பின்னரே உருளை நகரும். பிரெஞ்சு மொழியில் எழுத்தின்மேல் இடும் குறிகளுக்கு இத்தகைய விசை உண்டு. தமிழுக்கோ அது அணிகலன் அன்று, உயிர்நாடியாயிற்று. தமிழ் என்னும் சொல்லை இம்முறையில் அடிப்பவர் முதலில் த, பின்பு இகரக் குறி, பின்பு ம, அதன்பின் புள்ளி, இறுதியில் ழ என அடித்தல் வேண்டும். ஐந்தே அடிகளில் சொல் முடிந்துவிடும். கு, டு, மு, ரு என எழுத்துக்கெழுத்து வடிவம் மாறும் உகர வரிசையோ இம்முறைக்கு அடங்காது. அவ்வெழுத்துகள் தனி இடம் பெற்றன.

பொறியை ஆக்கித் தந்தது ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்டு நௌமன் தொழிற்சாலை. அது தையற்பொறி செய்வதில் தொடங்கித் தட்டச்சுப் பொறிக்கு வந்த நிறுவனம். தையற்பொறியின் ஒலியிலேயே வளரும் திருப்பூர் வட்டாரத்தார்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. ஊசியின் துல்லியத்தைக் கற்ற கை, எழுத்துக்கோலின் துல்லியத்தையும் எளிதிற் கற்கும்.

முத்தையா முதலில் அமைத்தது ஸ்டாண்டர்ட் என்னும் பொறி. அது வெளிவந்ததோடு தம் பணி முடிந்தது என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. அதன் குறைகளைத் தாமே கண்டு, விசைப்பலகையைத் திருத்தி, எடுத்துச் செல்லத்தக்க பிஜோ, ஐடியல் என்னும் பொறிகளை உருவாக்கச் செய்தார். தாம் செய்ததில் தாமே பிழை காண்பது எளிய செயலன்று. பொறியொன்றின் தகுதியை அதன் பளபளப்பு அறிவிக்காது. பகல் முழுதும் அதில் உழைத்த விரல்களே அறிவிக்கும். அவரோ பல்லாண்டு தட்டச்சில் உழைத்தவர்.

விரல்களின் தீர்ப்பு நுட்பமானது. பின்னாளில் பயிற்சி நிலையங்களில் நிலைபெற்ற பலகையின் நடு வரிசையில் ய, ள, ன, க, ப என்பன இடக்கைக்கும், துணைக்கால், த, ம, ட, புள்ளி என்பன வலக்கைக்கும் உரியன. மிகுதியாய் வழங்கும் எழுத்துகள் விரல்கள் தங்கும் இடத்திலேயே அமைந்தமை அப்பலகையின் சிறப்பு. ஆயினும் குறையில்லாமல் இல்லை. தமிழில் அடிக்கடி வரும் புள்ளி, வலிமை குறைந்த சுண்டுவிரலுக்கு வாய்த்தது. அதனை ஓங்கி அடித்தால் தாள் துளைபடும். மெல்ல அடித்தால் புள்ளி மங்கும். அன்றியும், ககர மெய்யை எழுதுவோர் முதலில் எழுத்தையும் பின்பு புள்ளியையும் இடுவர். பொறியிலோ புள்ளி முந்திக்கொள்ளும். பயில்வோர் முதல் சில வாரங்கள் இதில் தடுமாறுவது இயல்பு. 247 எழுத்துகளை 46 விசைகளில் அடக்கியதற்குக் கொடுத்த விலை அது. பெற்ற பயனை நோக்க, மிகையான விலை என்று கூற இயலாது.

1956ஆம் ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் சென்னை மாநிலத்தில் நிறைவேறியது. சட்டம் இயற்றுவது ஒன்று. நாள்தோறும் ஆயிரமாயிரம் ஆணைகளையும் மடல்களையும் தமிழில் அனுப்புவது மற்றொன்று. அலுவலக மேசைமேல் தமிழ்ப்பொறி இல்லையேல் அச்சட்டம் ஏட்டளவில் நின்றிருக்கும். பொறியோ அதற்கு முன்பே ஆயத்தமாய் இருந்தது. இந்தியாவில் ரெமிங்டன், கோத்ரெஜ் முதலிய நிறுவனங்களும் பின்னர்த் தமிழ்ப்பொறிகளை ஆக்கின.

கணிப்பொறி வந்தபின், 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தமிழ் 99 என்னும் புதிய விசைப்பலகையை ஏற்றது. எழுத்தை முன்னும் புள்ளியைப் பின்னும் அடிக்கும் முறை அதில் அமைந்தது. உருளையும் எழுத்துக்கோலும் இல்லாத கருவியில் நகரா விசைக்குத் தேவையில்லை. எனினும் பழைய பலகையிற் பயின்றோர் கணிப்பொறியின்முன் அமர்ந்தபோது, தம் விரல்கள் அறிந்த வரிசையையே அதிலும் வேண்டினர். அவ்வரிசையும் கணிப்பொறியில் இடம்பெற்றது. அவர்கள் இன்றும் புள்ளியை முதலில் அடித்துப் பின்பு எழுத்தை அடிக்கின்றனர்.