வருமுன் காத்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்



வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சு, இனி கவலையில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். போன வருடம் முகூர்த்த சீசனில் கிளட்ச் போய், வண்டி பன்னிரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. தேய்மானத்துக்கு இன்சூரன்ஸில் ஒரு பைசா கிடையாது. செலவைக்கூடத் தாங்கிக்கொண்டோம். ஆனால் வாடிக்கையாக வண்டி பிடித்த பந்தல்காரர் வேறு வண்டிக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. அந்த நஷ்டத்துக்கு எந்த பாலிசி இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான், நம்ம தமிழ்நாட்டிலேயே ஒருவர் எப்பவோ இதைச் செய்து காட்டியிருப்பது தெரிந்தது.

டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1877ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்தார். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, பேங்க் வேலை என்று எல்லாம் பார்த்தவர். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, 1911ஆம் ஆண்டு மதுரையில் தன் நிறுவனத்தைத் தொடங்கி பஸ் தொழிலில் இறங்கினார். அந்தக் காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் அல்ல. நல்ல ரோடு கிடையாது, மெக்கானிக் கிடையாது, உதிரிபாகம் கப்பலில்தான் வரவேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமானதே 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்த பிறகுதான்.

அவர் முதலில் பார்த்தது, பஸ் எதனால் நிற்கிறது என்பதை. ரோடெல்லாம் மாட்டு வண்டி, குதிரை வண்டி. லாடத்திலிருந்து விழும் ஆணிகள் டயரைக் குத்திக் கிழித்தன. டயரை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருக்காமல், பெரிய காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று சொல்வார்கள். பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவது ரிப்பேர். ஆணியையே எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. தேய்ந்த டயருக்கு ரீட்ரெடிங் செய்யும் தொழிற்சாலையும் வைத்தார்.

அடுத்தது நேரம். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்களாம். மதுரைப் பக்கம் பெரியவர்கள் இன்றும் இதைச் சொல்வார்கள். இது டிரைவரின் வேகத்தால் மட்டும் வருகிற விஷயமா? வழியில் நிற்காத வண்டிதான் நேரத்துக்கு வரும். ஒழுங்கான பராமரிப்பு இல்லாமல் அது நடக்காது.

பெரிய சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பெட்ரோல் இல்லாத பஸ் வெறும் இரும்புதானே! அப்போது டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியைத் தயாரித்தார்கள். மூடிய கலனில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். பெட்ரோல் அளவுக்கு இழுவை வராது, ஃபில்டரில் தூசி அடைக்கும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். ஆனாலும் வண்டி ஓடும். முழுசா நிற்பதைவிட மெதுவாக ஓடுவது மேல் அல்லவா!

இதற்கிடையில் அவர் பஸ்ஸை மட்டும் நம்பியும் இருக்கவில்லை. கார், லாரி விற்பனை, உதிரிபாகம், ஒர்க்‌ஷாப் என்று கிளை விட்டார். மகன்களையும் தொழிலில் பழக்கி, பொறுப்புக் கொடுத்தார். வண்டி வாங்கக் கடன் கொடுக்கும் சுந்தரம் ஃபைனான்ஸ் 1954ஆம் ஆண்டு அவர் மகன் டி.எஸ்.சந்தானத்தால் தொடங்கப்பட்டது. மறு வருடமே, 1955இல், பெரியவர் காலமானார். ஆனால் வேலை எதுவும் நின்றுபோகவில்லை. 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் சுந்தரம் கிளேட்டன் என்று மகன்கள் உதிரிபாகத் தயாரிப்பில் இறங்கினார்கள்.

1970களின் தொடக்கத்தில் அரசு பஸ்களை நாட்டுடைமை ஆக்கியது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. எந்தத் தொழிலில் அவர் பெயர் எடுத்தாரோ, அந்தத் தொழிலே கையை விட்டுப் போனது! எந்தக் காந்தமும் எடுக்க முடியாத ஆணி அது. ஆனால் மற்ற கிளைகள் பலமாக இருந்ததால் மரம் சாயவில்லை.

நண்பர்களே, இன்சூரன்ஸ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் கட்ட வேண்டும். ஆனால் அது நஷ்டம் வந்த பிறகு வரும் பணம். நஷ்டம் வராமல் பார்ப்பது டிப்ளமோ படிக்கும் நம் கையில் இருக்கிறது.

நான் இப்போது அப்பா வண்டிக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினோம், பிரேக் எப்போது பார்த்தோம் என்று தேதியோடு எழுதுகிறேன். சீட்டுக்கு அடியில் ஸ்பேர் கிளட்ச் கேபிள் இருக்கிறது. ஒரே பந்தல்காரரை நம்பாமல், இரண்டு காய்கறிக் கடைகளிலும் அப்பா பேசி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் படிப்பால் வீட்டுக்குக் கிடைத்த முதல் லாபம் அந்த நோட்டுதான்.

வருமுன் காப்போம்! வாழ்வில் உயர்வோம்!