சாலிம் அலி

சாலிம் அலி (நவம்பர் 12, 1896 - ஜூன் 20, 1987) உலகப் புகழ் பெற்ற இந்தியப் பறவையியலாளர் ஆவார். இவரது முழுப்பெயர் சாலிம் மொய்சுத்தீன் அப்துல் அலி என்பதாகும். இந்தியப் பறவைகளை முறையாகக் கள ஆய்வு செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை அறியும் முறையை இந்தியாவில் பேரளவில் நடத்தியவரும் இவரே.

இளமை

மும்பையில் பத்துக் குழந்தைகளுள் கடைசியாகப் பிறந்த இவர், சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, தாய்மாமன் அமிருத்தீன் தையாப்சியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு வியந்தார். அதை அடையாளம் காண்பதற்காகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு, பாடம் செய்யப்பட்ட பறவைகளை இவருக்குக் காட்டிப் படிக்க நூல்களும் தந்தார். வேட்டை ஆர்வத்தில் தொடங்கிய நாட்டம் ஆய்வாக மாறியது இவ்வாறுதான்.

பின்னர் பர்மாவில் குடும்பத்தாரின் சுரங்கம் மற்றும் மரத் தொழிலைக் கவனித்தார். அது வெற்றி பெறவில்லை. 1918-இல் தெகமினாவை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தில் இவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1926-இல் மும்பை வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

செருமனியில் பயிற்சி

1928-இல் விடுப்புப் பெற்று பெர்லின் சென்று, எர்வின் சிட்ரெசுமான் என்ற பேராசிரியரிடம் பயின்றார். வடகடலில் உள்ள எல்கோலாந்து தீவின் பறவை ஆய்வு நிலையத்திலும் இவர் பயிற்சி பெற்றார். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கடலைக் கடக்கும் பறவைகள் இச்சிறு தீவில் இறங்கி இளைப்பாறும். அவற்றைப் பிடித்து, எண் பொறித்த இலேசான அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டி விடுவிப்பர். அப்பறவை வேறொரு நாட்டில் கிடைத்தால், கண்டெடுத்தவர் வளையத்தில் உள்ள முகவரிக்கு எழுதுவார். வளையமிட்டவற்றுள் மிகச் சிலவற்றைப் பற்றியே மறுதகவல் வரும் என்பதால் பெரும் எண்ணிக்கையில் வளையமிட வேண்டியுள்ளது.

1930-இல் நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் இவரது பதவி நீக்கப்பட்டிருந்தது. கிகிம் என்ற கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்து தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். வேலையின்றி இருந்த அக்காலத்தில் செய்த இவ்வாய்வே இவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அடுத்து ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமத்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புகளை நடத்தினார். 1939-இல் தெகமினா காலமானார். இந்தியப் பறவைகள் பற்றிய இவரது புகழ்பெற்ற கையேடு 1941-இல் வெளிவந்தது.

வலசை ஆய்வு

1957-இல் மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டக் காடுகளில் குரங்குகள் இறந்தன. மக்களுக்கும் காய்ச்சல் பரவியது. கியாசனூர் காட்டு நோய் எனப்பட்ட இதன் வைரசு, உருசியாவில் உண்ணிகளால் பரவும் வசந்த-கோடை மூளைக்காய்ச்சலின் வைரசை ஒத்திருந்தது. ஆகவே வலசைப் பறவைகள் மீது ஒட்டிவரும் உண்ணிகள் இந்நோயைக் கொண்டு வந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. இதை ஆராய உலக சுகாதார நிறுவனம் நிதி வழங்கியது. இதன் பயனாக 1959-இல் சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வலசை ஆய்வு தொடங்கியது. பறவைகளே நோயைக் கொண்டு வந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனினும் இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவில் கண்டெடுக்கப்பட்டன.

பிற்காலத்தில் இத்திட்டத்திற்கு அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுப் பிரிவு ஒன்றிலிருந்தும் நிதி வந்தது. இதனால் 1970களில் உயிரியல் போர் ஆய்வுடன் இதற்குத் தொடர்பு உண்டோ என்ற சர்ச்சை எழுந்து, நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு வரை சென்றது. சாலிம் அலி இக்குற்றச்சாட்டை மறுத்தார். பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இவர் மேலும் கவனமாக இருந்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் கருத்தாகும். ஆயினும் அன்று பறவை ஆய்வுக்கு நிதி தர உள்நாட்டில் முன்வந்தோர் மிகக் குறைவு என்பதையும் கருத வேண்டும்.

கோடியக்கரை

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையின் சிறப்பை 1960களின் தொடக்கத்திலேயே சாலிம் அலி எடுத்துரைத்தார். 1967-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் இங்கு வடகிழக்குப் பருவமழையின்போது வந்து, மாசி, பங்குனி முதல் வடக்கு நோக்கித் திரும்புகின்றன. புறப்படும் முன் பல உள்ளான்களின் நிறம் மாறுவதால், பறவை நோக்குவோருக்கு இது சிறந்த பருவமாகும். சைபீரியத் துந்துராவில் முட்டையிடும், வளைந்த அலகுடைய உள்ளான் வகை ஒன்று, குளிர்காலம் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்து, செல்லும் வேளையில் செங்கல் நிறம் கொள்ளும். கரையோரம் செல்ல இயலாதவர்கள் வேலூரை அடுத்த ஜவ்வாது மலை ஓடைகளில் வாலாட்டிக் குருவிகளைக் காணலாம். அவையும் வலசை வருபவையே.

பிற்காலம்

அமெரிக்கரான தில்லான் இரிப்ளியுடன் இணைந்து இவர் எழுதிய பத்துத் தொகுதிப் பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளியானது. பரத்பூர் சதுப்பு நிலத்தையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்கக் குரல் கொடுத்தார். 1958-இல் பத்ம பூசண், 1976-இல் பத்ம விபூசண் விருதுகளைப் பெற்றார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். இவர் பெயரிலான பறவையியல் ஆய்வு மையம் 1990-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்டு, பின்னர் ஆனைக்கட்டியில் அமைந்தது.