பரோடாவில் பதினொரு நாட்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் காலனித் தெருக்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வரும் எங்களுக்கு, நகரம் என்பது முதலில் ஒரு நண்பரின் அறைதான். குன்னத்திலிருந்தோ செந்துறையிலிருந்தோ முன்னதாக வந்து சேர்ந்த ஒருவர் தம் விடுதி அறையில் பாய் விரிக்க இடம் தருவார். நானும் அப்படித்தான் வந்தேன். வாடகைக்கு வீடு தேடத் தொடங்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். வீட்டு உரிமையாளர் ஊரின் பெயரைக் கேட்பார். அடுத்துத் தெருவின் பெயரைக் கேட்பார். மறுநாள் அந்த வீடு வேறொருவருக்குப் பேசி முடிந்திருக்கும். இந்த அனுபவமுள்ள மாணவர்கள் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவிலிருந்து அல்லாமல், 1917ஆம் ஆண்டின் பரோடாவிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.

1891ஆம் ஆண்டு மாவ் நகரில் பிறந்த அம்பேத்கர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையுடன் 1913ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் சென்றார். படித்து முடித்தபின் சமஸ்தானத்தில் 10 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பாத்தேனா என்ற பார்சி மாணவர் அவருக்கு நண்பரானார். கடல் கடந்த அந்நகரில் சக மாணவர்களோடு ஒரே மேசையில் உண்பதற்குச் சாதி குறுக்கே நிற்கவில்லை. 1916இல் இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் நிறுத்தி மறு ஆண்டு திரும்பினார். வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள் போரில் மூழ்கிப் போயின.

ஒப்பந்தப்படி 1917 செப்டம்பரில் பரோடா சென்றபோது அவருக்கு வயது 26. அவரை வரவேற்க மன்னர் ஆணையிட்டிருந்தும் ரயில் நிலையத்துக்கு ஒருவரும் வரவில்லை. இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்பது தெரிந்ததே. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய நண்பர்கள் சிலர் அந்நகரிலேயே இருந்தனர். ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றால் அவர்களுக்குத் தர்மசங்கடம் ஏற்படுமோ என்று தயங்கினார். ஐந்து ஆண்டுகள் மறந்திருந்த தீண்டாமை, ரயிலைவிட்டு இறங்கிய கணத்தில் நினைவுக்கு வந்துவிட்டது.

பார்சிகளின் சத்திரம் ஒன்று இருந்தது. பார்சி அல்லாதோர் தங்கக் கூடாது என்பது அதன் விதி. பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்க இடம் பெற்றார். மேல்தளத்தில் வேறு யாருமில்லை. தட்டுமுட்டுச் சாமான்கள், வௌவால்கள், மங்கலான ஒரு விளக்கு. பகலில் கணக்காயர் அலுவலகம், இரவில் இருளில் புத்தகம். அரசுக் குடியிருப்பு கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் ஓர் அதிகாரியிடமிருந்து இன்னோர் அதிகாரிக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

பதினோராம் நாள் காலை, தடிகளுடன் பன்னிரண்டு பார்சிகள் வந்து சூழ்ந்தனர். மாலைக்குள் வெளியேறுமாறு கெடு விதித்தனர். இப்போது நண்பர்களிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. முதலாமவர் இந்து. உண்மையாகவே வருந்தினார், ஆனால் இவரைச் சேர்த்துக்கொண்டால் தம் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இரண்டாமவர் கிறித்தவர். ஊரிலிருந்து வரும் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பார்ப்பனச் சாதியிலிருந்து மதம் மாறிய குடும்பம் அது. மனைவியின் ஆசாரம் மாறவில்லை.

இருவரும் கொடியவர்கள் அல்லர் என்பதே என்னை உறுத்துகிறது. நியூயார்க்கில் நவலின் நட்புக்குச் சமூகம் விலை கேட்கவில்லை. பரோடாவில் ஒரு திண்ணை தருவதற்கே விலை இருந்தது; அதைக் கொடுக்க இருவராலும் இயலவில்லை.

பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். ஆண்டுதோறும் செப்டம்பர் 23 அன்று நம் மக்கள் அவ்விடத்தைச் சபதம் எடுத்த மண்ணாகப் போற்றிக் கூடுகின்றனர். பின்னாளில் அவர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் சபதம் பற்றிய பேச்சில்லை. ஆதரவற்ற குழந்தையைப் போலத் தாயையும் தந்தையையும் நினைத்துக்கொண்டதாகவே எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இளைஞர்தான் நெருக்கமானவர்.

1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். தம் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நவல் பாத்தேனா கடனாகத் தந்த 5,000 ரூபாய் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். தடியோடு வந்தவர்களும் பார்சிகள். வாழ்க்கையைத் தூக்கிவிட்ட நண்பரும் பார்சி. 1930களில் தாதரில் தம் நூல்களுக்கும் குடும்பத்துக்குமாக 'ராஜகிருகம்' என்ற வீட்டைக் கட்டினார்.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது? பார்சி அல்லாதோருக்கு உறுப்புரிமை மறுத்த அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் துணைவிதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. வாடகை வீடு தேடும் தலித் மாணவருக்கு அதனால் எல்லாக் கதவும் அடைபட்டுவிடவில்லை. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன் பிரிவு 4, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைப் பெறுவதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக அத்தகைய செயல் நிகழ்ந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது தீண்டாமையின் பேரில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 12. உரிமையாளர் சாதியைச் சொல்லி மறுக்க மாட்டார். தெருவைக் கேட்டு மறுப்பார். ஆகவே வீடு இருக்கிறது என்று சொன்ன முதல் வாட்ஸ்அப் செய்தியையும், முடிந்துவிட்டது என்ற மறுநாள் செய்தியையும் அழிக்காமல் வழக்கறிஞரிடம் கொண்டுவாருங்கள்.