கம்பியில்லாமல் மணி அடித்தவர்



ஜகதீச சந்திர போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி வங்காளத்து மைமன்சிங்கில் பிறந்தார். பிரம்ம சமாஜத்துக் குடும்பம். எனினும் அவருக்குப் பௌதிக சாஸ்திரத்தில் ருசி ஊட்டியவர் கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் போதித்த சேசு சபை லபோன் சுவாமி. பெல்ஜியம் தேசத்தவரான இந்தக் குருவானவர், 1876-ல் கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் தோன்றவும் துணை நின்றார். நம் திருச்சியில் பிறந்த ராமன் பின்னாளில் ஆராய்ச்சி செய்தது அங்கேதான்.

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய போஸ், 1885-ல் பிரசிடென்ஸி கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளையர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக வேலையென்று அதிலும் பாதியைக் குறைத்தார்கள். மூன்று வருஷம் வேலையை ஒழுங்காகச் செய்தார், சம்பளத்தைத் தொடவில்லை. வீட்டிலோ கடன். கடைசியில் சர்க்கார் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது.

ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரு சிற்றறை. கருவிகள்? நம் ஊர்ப்பக்கம் தகரத்தை வெட்டிப் புனலும் வாளியும் செய்வார்களே, அப்படிப்பட்ட ஒரு தகரத் தொழிலாளியைப் பழக்கி, எல்லாவற்றையும் அங்கேயே செய்துகொண்டார். ஒரு பக்கம் மின்பொறி தெறிக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாத அலை எழும். மறுபக்கத்துக் கருவியில் நெருங்கி நிற்கும் மெல்லிய எஃகுச் சுருள்களில் அலை பட்டதும் மின்சாரம் பாயும், மணி அடிக்கும். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் அந்த அலை, துணை கவர்னர் மெக்கென்ஸியின் பருத்த உடலையும் சுவர்களையும் கடந்து, 75 அடி தூரத்தில் மணியை அடித்துத் துப்பாக்கியையும் வெடித்தது!

20 அடிக் கம்பத்தின் உச்சியில் உலோகத் தட்டுப் பொருத்தி, தம் வீட்டுக்கும் ஒரு மைல் தூரத்துக் கல்லூரிக்கும் இடையே செய்தி அனுப்ப நினைத்திருந்தார். அதற்குள் இங்கிலாந்துப் பயணம் குறுக்கிட்டது. 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிய செய்தியைக் கேட்டார். புகழும் அவருக்கே போயிற்று.

அவ்வருஷமே ஒரு தந்திக் கம்பெனி முதலாளி, லாபத்தில் பாதி தருகிறேன், உரிமையைப் பதிவு செய்யுங்கள் என்று போஸை வேண்டினார். அவர் மறுத்தார். நண்பர்கள் விடாமல் வற்புறுத்தியதால் எடுத்த ஓர் அமெரிக்க உரிமை 1904-ல் கிடைத்தது. அதைக்கொண்டும் பணம் தேடவில்லை. அவர் செய்தது சரியா என்று வாதாட இடமுண்டு; அந்தப் பணம் வந்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு நல்ல ஆய்வறை கிடைத்திருக்கும்! அந்த உரிமைக்கு உட்பட்ட கலீனாப் படிகத்தை வைத்துத்தான், பிற்காலத்தில் பையன்கள் வீட்டிலேயே ரேடியோ கட்டிக் காதில் வைத்துக் கேட்டார்கள்.

பிறகு அவர் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராயத் திரும்பினார். 1917-ல் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதியில் காலமானார். 79 வயது நிரம்ப ஒரு வாரமே இருந்தது.