லூயி கான்: கட்டியவர் போய்விட்டார்... கட்டடம் நிற்குமா?

1974 மார்ச் 17. நியூயார்க் பென் ரயில் நிலையக் கழிப்பறையில், 73 வயது பெரியவர் ஒருவர் மாரடைப்பால் இறந்துபோனார். அவர் இறந்த தகவல் வீட்டுக்குப் போய்ச் சேரவே சில நாட்களாச்சு. உலகமே கொண்டாடிய கட்டடக் கலைஞர் லூயி கான்தான் அவர். அப்போதுதான் அகமதாபாத்திலிருந்து திரும்பியிருந்தார்.

யார் இவர்?

இன்றைய எஸ்டோனியாவில் 1901-ல் பிறந்தவர். சின்ன வயசுத் தீக்காயத் தழும்பு கடைசிவரை முகத்தில் இருந்தது. பிலடெல்பியாவில் வறுமையில் வளர்ந்து, மௌனப்பட தியேட்டர்களில் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். டாக்கா நாடாளுமன்றம் இவர் வடிவமைத்ததுதான்.

அகமதாபாத்தில் என்ன செய்தார்?

பி.வி.தோஷி அழைக்க, 1962-ல் ஐஐஎம் வளாகப் பணியில் இறங்கினார். பூச்சே இல்லாத செங்கல் சுவர், பெரிய வட்டத் திறப்புகள், வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் தாழ்வாரங்கள்.

இப்போ என்ன சிக்கல்?

விரிசல், நீர்க்கசிவு, 2001 பூகம்பப் பாதிப்பு. 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப்போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்ப, 2021 ஜனவரி முதல் நாளே அது வாபஸ். ஆனால் 2022 நவம்பரில், சில கட்டடங்களை இடித்துக் கட்டும் முடிவு மறுபடி வந்தது.

சட்டம் காப்பாற்றாதா?

1958-ம் ஆண்டு தொல்லியல் சின்னச் சட்டப்படி, நினைவுச்சின்னத்துக்குக் குறைந்தது 100 வயசு ஆகியிருக்கணும். கானின் கட்டடங்களுக்கு அந்த வயசு வரலை.

சரிசெய்யவே முடியாதா? அதே வளாகத்தின் விக்ரம் சாராபாய் நூலகம் சீரமைக்கப்பட்டு, 2019-ல் யுனெஸ்கோ விருதே வாங்கியது. அதனால் முடியுமா என்பதல்ல கேள்வி. 100 வயசு வரை இவற்றை விட்டுவைப்போமா என்பதுதான்.