காமராஜர் கண்ட தேர்தல்கள்

பெருந்தலைவர் காமராஜர் வரலாற்றை அறியாதார் நம்முள் யாவர்? பிறந்தநாள் தோறும் மேடை அமைத்து அவர்தம் எளிமையையும் தியாகத்தையும் புகழ்ந்துரைப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆயினும், அவர் மக்கள்முன் வாக்கு வேண்டி நின்ற தேர்தல்களை மட்டும் தனியே எடுத்து, எங்கு நின்றார், எவ்வாறு வென்றார், எங்குத் தோற்றார் என்று முறையாக எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே. நேயர் பலர் வேண்டிக்கொண்டமையின், அக்கணக்கை இம்மாத இதழில் எழுதப் புகுந்தோம். அவரைத் தமக்கே உரியவராகக் கொண்டாடும் ஒரு சமூகத்தார்க்கு இக்கணக்கு முழுவதும் இனிப்பதன்று என்பதையும் முதற்கண் சொல்லிவிடுகின்றோம்.

1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் விருதுநகரில் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் பிறந்த மைந்தர், இளமையிலேயே தந்தையை இழந்தார். வீட்டுக்கு ஒரு பிடியரிசி என நம்மவர் ஈந்ததைக் கொண்டு வளர்ந்த க்ஷத்திரிய வித்யாசாலையிற் சில வகுப்புக்களே பயின்று, மாமன் ஜவுளிக்கடையில் அமர்ந்தார். கடையில் உட்காரப் பிறந்தவரல்லர் என்பது விரைவில் விளங்கிற்று. திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமன் நடத்திய மரக்கடைக்கு அனுப்பியும் பயனில்லை. 1930-ஆம் ஆண்டு வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்திற் கலந்து அலிப்புரம் சிறை புகுந்தார்.

அக்காலத்தில் விருதுநகரில் வணிகம் செய்து செல்வம் பெருக்கிய நம் முன்னோரிற் பெரும்பாலோர் நீதிக்கட்சிக்கே ஆதரவாயிருந்தனர். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. 1899-இல் சிவகாசிக் கலகத்தையும், கமுதிக் கோயில் வழக்கையும் கண்டவர்களுக்கு, காங்கிரஸ் மகாசபை மேற்சாதியாரின் சபையாகவே தோன்றிற்று. அத்தகைய ஊரிற் கதருடுத்துக் கொடிபிடித்துத் திரிந்த இளைஞரை ஊர்ப்பெரியோர் உவந்தார்களில்லை. பின்னாளில் அவரை நம் குலவிளக்கு என்று கொண்டாடிய நாம், அவர் தொடக்கத்தில் நம் சமூகப் பெரியோர் கருத்துக்கு மாறாகவே நடந்தார் என்பதை மறைக்கலாகாது.

1937-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபைக்கு நடந்த பொதுத்தேர்தலே அவர் முதன்முதற் கண்டது. சாத்தூர்த் தொகுதியினின்றும் தேர்வுற்றுச் சபை புகுந்தார். 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றிய ஆண்டு அது. இராஜாஜி முதன்மந்திரியானார். புதிய உறுப்பினர் சபையில் நீண்ட பிரசங்கங்கள் செய்தவரல்லர். அவர்தம் ஆற்றல் சபைக்குள் அன்று, கட்சியின் ஊர்க்கமிட்டிகளுள் வளர்ந்தது. 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைமைக்கு நின்றபோது, எதிர்நின்ற சி. பி. சுப்பையா 100 வாக்குப் பெற, இவர் 103 வாக்குப் பெற்றார். மூன்று வாக்கில் வந்த தலைமை அது. அம்மூன்று வாக்கு இடம் மாறியிருந்தால் தமிழ்நாட்டின் பிற்கால வரலாறு எவ்வழிச் சென்றிருக்குமோ!

இடையே நிகழ்ந்த ஒரு தேர்தல் பலர் மறந்தது. 1940 டிசம்பரில், சத்தியாக்கிரகிகளின் பட்டியலுக்குக் காந்தியடிகளின் இசைவு பெறுதற்பொருட்டு வார்தாவுக்குச் செல்லும் வழியிற் குண்டூரிற் கைதாகி வேலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். சிறையில் இருக்கும்பொழுதே 1941-இல் விருதுநகர் நகரசபையார் அவரைத் தலைவராகத் தேர்ந்தனர். எந்த ஊர் முன்னே முகஞ்சுளித்ததோ அவ்வூரே இப்பொழுது சிறையிலிருப்பவருக்கு நாற்காலி இட்டது. விடுதலை பெற்றதும் அவர் நேரே நகரசபைக்குச் சென்று அப்பதவியை விட்டு விலகினார். முழுதும் செய்யவியலாத வேலைக்குப் பெயரளவில் தலைவராயிருத்தல் தகாது என்பது அவர் எண்ணம். நம் சங்கங்களிலும் சபைகளிலும் மூன்று நான்கு பதவிகளை ஒருங்கே சுமந்து ஒன்றுக்கும் வாராதார் உளர். அவர்கட்கு இந்நிகழ்ச்சியை யாம் எடுத்துச் சொல்வதுண்டு, பயன் கண்டதில்லை.

1942-ஆம் ஆண்டுப் போராட்டத்திற் சிறை சென்று 1945-இல் மீண்டவர், 1946-இல் மீட்டும் சாத்தூர்ப் பகுதியினின்றே சட்டசபைக்கு வந்தார். அரசியல் நிர்ணய சபையிலும் இடம் பெற்றார். பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என அடுத்தடுத்து மந்திரிசபைகள் அமைந்ததிலும் வீழ்ந்ததிலும் கட்சித் தலைவராகிய இவர் கை இருந்தது. 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியினின்றும் மக்களவைக்குச் சென்றார். அவ்வாண்டுச் சென்னை ராஜ்யத்தின் 375 இடங்களிற் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. ஆட்சியமைக்க இராஜாஜியை அழைக்க நேர்ந்தது. மக்கள் வாக்கை நாடாது, கவர்னரின் நியமனத்தால் மேலவை உறுப்பினராகி அவர் முதன்மந்திரியானார் என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். அடுத்து வருவது அதனோடு தொடர்புடையது.

பள்ளிப்பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மற்றை அரைநாள் பெற்றோர் தொழிலிலும் கழிக்கவேண்டும் என்ற இராஜாஜியின் கல்வித் திட்டம் பெருங்கிளர்ச்சியை விளைத்து, 1954-இல் அவர் விலகுதற்கு ஏதுவாயிற்று. சட்டசபைக் காங்கிரஸ் கட்சித் தலைமைக்குக் காமராஜரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். காமராஜர் 93, சுப்பிரமணியம் 41. ஏப்ரல் 13-ஆம் நாள் முதன்மந்திரியானவர், தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். ஆதிதிராவிட வகுப்பினரான பரமேசுவரனிடம் இந்து அறநிலையங்களை ஒப்படைத்தார். கமுதிக் கோயிலுள் நுழைந்ததற்காக வழக்குமன்றம் ஏறித் தோற்ற சமூகத்திற் பிறந்தவர் ஒருவர், கோயில்களின் ஆட்சியைத் தம்மினும் தாழ்த்தப்பட்டார் ஒருவரிடம் கொடுத்தார். கோயிலுக்குள் நமக்கு இடம் வேண்டி வாதாடிய நம் முன்னோர் பலர், அவ்விடம் பிறர்க்கும் வேண்டும் என்று அந்நாளில் எண்ணினாரல்லர். யாம் இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிகழ்ந்ததைச் சொல்லுகின்றோம்.

முதன்மந்திரியானாரேனும் அவர் அப்பொழுது சட்டசபை உறுப்பினரல்லர். ஆறு திங்களுக்குள் உறுப்பினராதல் வேண்டும். மேலவை வழி திறந்தேயிருந்தது. முன்னவர் சென்ற வழியும் அதுவே. அவரோ அதனை வேண்டாது, வடஆர்க்காடு ஜில்லாக் குடியாத்தம் தொகுதியில் இடைத்தேர்தலுக்கு நின்றார். விருதுநகரன்று, சாத்தூரன்று, நம்மவர் திரண்டு வாழும் ஊரும் அன்று. நெசவாளர் மலிந்த ஊர். பொதுவுடைமைக் கட்சியின் கோதண்டராமன் எதிர்நின்றார். பெரியாரும், அண்ணாதுரை தலைமையிலிருந்த திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் காங்கிரசைப் பகைத்தவராயிருந்தும் காமராஜருக்குத் துணைநின்றனர். பெரு வாக்கு மிகுதியால் வென்றார். அவர் கண்ட தேர்தல்களுள் எம் உள்ளத்துக்கு மிக உகந்தது இக்குடியாத்தமே. உறவு, ஊர், சாதி என்னும் மூன்றும் இல்லாத இடத்தில், ஆளுதற்கு உரிமை தாருங்கள் என்று சென்று கேட்டார் அன்றோ!

குடியாத்தத்தார் தந்த உரிமையை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பது நாடறிந்தது. அரைநாட் கல்வித் திட்டம் ஒழிந்தது. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. எம் தந்தையார் அவ்வுணவை உண்டு எழுத்தறிந்தவர். யாம் இன்று ஆசிரியராயிருப்பதற்கு மூலம் அச்சோறே. மணிமுத்தாறு, வைகை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் எழுந்தன. கிண்டியிற் தொழிற்பேட்டை அமைந்தது. இவற்றை விரித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று.

1957-ஆம் ஆண்டும் 1962-ஆம் ஆண்டும் சாத்தூரிலேயே நின்று வென்றார். 1957-இல் 205 இடங்களிற் காங்கிரஸ் 151 பெற்றது. முதன்முறை தேர்தலில் இறங்கிய தி. மு. கழகம் 15 பெற்றது. அப்பதினைவரையும் அடுத்த தேர்தலில் வீழ்த்துவதென்று காமராஜர் முனைந்தார். ஒவ்வொருவர் தொகுதியிலும் அவ்விடத்துச் செல்வாக்குள்ள அபேட்சகரைத் தேடிப்பிடித்து நிறுத்தினார். 1962-இல் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரையே பேருந்து உரிமையாளர் ஒருவரிடம் தோற்றார். பதினைவருள் மீண்டும் வந்தவர் கருணாநிதி ஒருவரே; அவரும் தொகுதி மாறித் தஞ்சாவூரில் நின்றவர். ஆயினும் பதினைந்தாயிருந்த கழகத்தின் தொகை அவ்வாண்டே ஐம்பதாயிற்று. தலைகளை எண்ணி வெட்டியவர் வேர் பரவியதைக் கவனித்திலர் என்று சொல்லத் துணிகின்றோம். தேர்தற் கலையில் வல்லவராகிய பெருந்தலைவரிடத்து யாம் காணும் பிழை இஃதொன்று.

1963 அக்டோபர் 2-ஆம் நாள், கட்சிப் பணிக்காகப் பதவி துறக்கும் தம் திட்டத்தைத் தாமே முதலிற் கைக்கொண்டு முதன்மந்திரிப் பதவியை விட்டார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். நேரு மறைந்தபின் 1964-இல் லால்பகதூர் சாஸ்திரியையும், 1966-இல் இந்திரா காந்தியையும் பிரதமராக்கியதில் அவர் பங்கு பெரிது. பின்னதில் மொரார்ஜி தேசாய் விடாது போட்டியிட, இந்திரா 355 வாக்கும் மொரார்ஜி 169 வாக்கும் பெற்றனர். தில்லியில் அவர் சொல் ஓங்கியிருந்த அதே காலத்தில், இங்கே அரிசி அருகிற்று. 1965-இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாணாக்கர்மீது குண்டு பாய்ந்தது. ஆட்சி பக்தவத்சலத்தின் கையில் இருந்தது. ஆனால் மக்கள் காங்கிரஸ் என்றால் காமராஜர் என்றே அறிந்திருந்தனர்.

1967 பிப்ரவரியில் அவர் சாத்தூரை விட்டு விருதுநகரில் நின்றார். பிறந்த ஊர், பயின்ற பள்ளி நின்ற ஊர், அன்னை வாழ்ந்த ஊர். எதிர்நின்றவர் பெ. சீனிவாசன் என்னும் இருபத்தெட்டாண்டு இளைஞர். மாணவர் கிளர்ச்சியில் முன்னின்றவர். மோட்டார் விபத்தில் அடிபட்டுக் காமராஜர் படுக்கையிலிருக்க நேர்ந்தமையால், ஊர்தோறும் சென்று வாக்கு வேண்டும் தம் வழக்கமான பணியும் தடைப்பட்டது. வாக்குக்கள் எண்ணப்பட்டன. சீனிவாசன் 33,421, காமராஜர் 32,136. 1,285 வாக்கு வித்தியாசத்திற் பெருந்தலைவர் தோற்றார். மாகாணம் முழுவதும் மந்திரிகளுள் ஒருவரொழிய மற்றையோர் யாவரும் வீழ்ந்தனர். 234 இடங்களிற் காங்கிரசுக்கு எஞ்சியவை 51.

இத்தோல்வியைப் பற்றி நம்மவர் கூட்டங்களில் இன்றும் வழக்கு நிகழும். வஞ்சகம் என்பார் சிலர். நன்றி கொன்றார் ஊரார் என்பார் பலர். அவ்வூரிற் பிறந்தோம் எனச் சொல்ல நாணுகின்றோம் என்று கண்ணீர் உகுத்த முதியோரையும் யாம் கண்டுள்ளோம். எம் கருத்து வேறு. விருதுநகரார் அன்று அளித்த வாக்கு, மாகாணத்தின் மற்றை ஊரார் அளித்த வாக்கினின்றும் வேறுபட்டதன்று. பசித்தவன் அரிசியை நினைந்து வாக்களித்தான். மகனை இழந்தவன் துப்பாக்கியை நினைந்து வாக்களித்தான். நம் ஊரார் நம்மவருக்கே அளித்திருத்தல் வேண்டும் என்று வாதிப்போமாயின், குடியாத்தத்தார் 1954-இல் யாருக்கு அளித்திருத்தல் வேண்டும்? அங்குச் சாதி பாராது அளித்த வாக்கை நாம் மெச்சிக் கொண்டாடி, இங்குச் சாதி பாராது மறுத்த வாக்கை மட்டும் துரோகம் என்பது எங்ஙனம் பொருந்தும்? இத்தோல்வி எமக்கும் வருத்தமே. வருத்தம் வேறு, பழி வேறு.

தோற்றவர் எவரையும் நோகவில்லை. ஊராரைக் குறைகூறிற்றிலர். புதிய அரசை உடனே இகழாது அதற்கு ஆறு திங்கள் தவணை கொடுக்குமாறு தம் கட்சியாரைத் தடுத்தார். வென்ற கட்சியின் தலைவர் அண்ணாதுரையும் காமராஜர் தோல்வியை எண்ணி மகிழ்ந்தாரல்லர். இருவர்க்கும் அது பெருமை.

இரண்டாண்டு கழியுமுன் காலம் மாறிற்று. கன்னியாகுமரி ஜில்லாவைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்கப் போராடிய நேசமணி 1968-இல் மறைய, நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. ஆளும் கழகத்தாரின் ஆதரவு பெற்று டாக்டர் மத்தியாஸ் நின்றார். காமராஜர் 2,49,437 வாக்கும், மத்தியாஸ் 1,21,236 வாக்கும் பெற்றனர், வித்தியாசம் 1,28,201. விருதுநகரிற் போன வாக்குக்கு நூறு மடங்கு குமரியில் வந்தது என்று அந்நாளில் நம்மவர் கணக்கிட்டு மகிழ்ந்ததிற் பிழையில்லை. கணக்குப்படி சற்றொப்பச் சரியே.

அவ்வாண்டு இறுதியிற் காங்கிரஸ் பிளவுற்றது. தாம் பிரதமராக்கியவரையே எதிர்க்கும் அணியில் நின்றார். 1971-ஆம் ஆண்டுத் தேர்தலில் கழகமும் இந்திரா காங்கிரசும் கைகோத்து நிற்க, சட்டசபையில் கழகம் 184 இடங்களை வென்றது. தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் 38 அக்கூட்டணியாருக்கே சென்றன. எஞ்சிய ஒன்று நாகர்கோவில், வென்றவர் காமராஜர். ஆகவே 1937 முதல் அவர் மக்கள்முன் ஒன்பது முறை நின்று, எட்டு முறை வென்று, ஒரு முறை தோற்றார். தோற்ற இடம் ஒன்றே பிறந்த இடம்.

1975 ஜூன் மாதம் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. முதியவர் மனம் மிக நொந்தார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், சென்னைத் தியாகராய நகர் இல்லத்தில் உயிர் நீத்தார். அப்பொழுதும் அவர் நாகர்கோவிலின் உறுப்பினராகவே இருந்தார்.